அடாஜியோவுக்கு அர்த்தம்

முத்தையன் நீட்டிய துண்டுச்சீட்டில் இருந்த வார்த்தையை ஜவஹர் அலி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அடாஜியோ. முத்தையன் புதிதாகக் கற்றுக்கொள்ளும் கீபோர்டு புத்தகத்தில், பாட்டுக்கு மேலே போட்டிருக்கிறதாம்.

"பிரெஞ்சுதானே பாய்? காரைக்கால்ல ஒங்கள விட்டா யாரப் போயி கேக்கறது?"

பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர் ஜவஹர் அலி. ஒரு காலத்தில் பாரீஸிலிருந்து யாருக்குக் காகிதம் வந்தாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இப்போது போனைக் காகிதத்துக்கு நேரே பிடித்தால் அதுவே தமிழில் சொல்லிவிடுகிறது. மனைவி நபீசா மௌத்தாகி மூன்று வருஷம். மகன் அஜ்மீர் பாரீஸில். அந்த வீட்டில் இரண்டாவது டீ கிளாஸ் வெளியே வந்து மாதக்கணக்காகிவிட்டது.

தெரியாது என்று சொன்னால், அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார்.

"வெரசா வாசிக்கணும்னு அர்த்தம்" என்றார்.

மறுநாள் கிரெசெண்டோ வந்தது. பட்டாளத்தில் சமையற்கட்டைத் தாண்டாதவருக்கு அதுவும் புதிது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் டா கப்போ. அத்தோடு பாட்டு முடிந்தது, எழுந்துவிடலாம் என்றார். முத்தையன் எல்லாவற்றையும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு டீ குடித்து, நபீசாவைப் பற்றிக் கேட்டு, இறந்துபோன தன் மனைவியைப் பற்றிச் சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கிளம்பினார். ஜவஹர் அலி பேக்கரியில் பிஸ்கட் வாங்கி வைக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் மனசு உறுத்தியது. அஜ்மீருக்குப் போன் போட்டார்.

"அது இத்தாலி பாஷை வாப்பா. என் மவ பியானோ கத்துக்கறாளே, அவ புஸ்தகத்துல இருக்கு. அடாஜியோன்னா மெதுவா. கிரெசெண்டோன்னா சத்தத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். டா கப்போன்னா மொதல்லேருந்து திரும்ப வாசிக்கணும். வேலையில இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

மறுநாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். முத்தையன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"பிரான்சுல போன வருஷம் சட்டத்த மாத்திட்டாங்களாம். அடாஜியோ இனிமே மெதுவாத்தானாம்."

முத்தையன் மறுபேச்சில்லாமல் நோட்டில் அடித்துத் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பிறந்தநாளுக்குத் தான் வாசிக்கப் போவதாகவும், பாய் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கிரெசெண்டோவும் டா கப்போவும் திருத்தப்படாமலே கிடந்தன. பாதிப் பாட்டில் எழுந்து நின்று அவமானப்பட்ட மனிதர் அப்புறம் இந்த வாசற்படி ஏறுவாரா? அதை நினைத்து ஜவஹர் அலிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பாட்டுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது பாய்தான் என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டு முத்தையன் உட்கார்ந்தார். விரல்கள் மெதுவாக நடந்தன. ஓசை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, கண்கள் திறந்தே இருந்தன. டா கப்போ வரும் இடத்தில் ஜவஹர் அலி தலையைக் குனிந்துகொண்டார். முத்தையன் எழவில்லை. முதலிலிருந்து, ஒரு பிசிறில்லாமல், மறுபடி வாசித்தார்.

பாயசத்தோடு வந்த முத்தையனின் மகள் முத்தமிழிடம், அப்பா எப்படி இதைச் சரியாக வாசித்தார் என்று ஜவஹர் அலி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முப்பது வருஷம் போலீஸ் பேண்டு மாஸ்டரா இருந்தவங்களுக்கு இது தெரியாதாங்கய்யா? அம்மா போனதுலேருந்து பேச்சே இல்லாம கெடந்தாங்க, இப்ப தெனம் காலையில ஒரு வார்த்தைய எழுதி எடுத்துக்கிட்டு ஒங்க வீட்டுக்குக் கௌம்பிடறாங்க. புஸ்தகத்துல இன்னும் எரநூறு வார்த்தை இருக்காம்."