மதகடிக் குப்பையும் சொல்லாத பேரும்

“மதகுக்குள்ளை குப்பைப் பை எறியிறவன் ஆரெண்டாலும், அவன் மனிசப் பிறப்பே இல்லை.”

வயல் செய்யும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழும்பி நின்று இளையதம்பி கத்தின கத்தலில் கொட்டகைத் தகரம் கிலுங்கியது. நெல் யாவாரத்தில் அவர் அடிபட்டுப் படித்த முதல் பாடம் அது. எதிராளி வாய் திறக்க முந்திச் சத்தம் போடவேணும். மூட்டைக்கு விலை பேசினாலும் சரி, களவில் பிடிபடாமல் தப்பினாலும் சரி.

ஏனென்றால், மனிசப் பிறப்பில்லாத அந்த ஆள் இளையதம்பிதான்.

போன வருசம் சுவிசில் மகள் லக்சிகா வீட்டில் மூன்று மாதம் நின்றவர். அங்கே ஆள் பசுக்கன்று. ரயிலடியில் தின்ற வாழைப்பழத்தின் தோலை, எந்த வாளிக்குள் போடுவதென்று தெரியாமல், கோட்டுப் பொக்கற்றில் வைத்து இரண்டு ஊர் தாண்டிக் கொண்டுபோனார். பச்சைப் போத்தல் வேறு, வெள்ளைப் போத்தல் வேறு என்று பிரித்துப் போட்டார். உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்து அந்தத் தோலின் கதையை ஒரு வீடு விடாமல் சொன்னார்.

இங்கே? மனைவி சிவனேஸ்வரி உக்கிறதை எருக்குழிக்குள் போட்டு, உக்காததைப் பையில் கட்டி, செவ்வாய்க்கிழமைகளில் அவர் கையில் தருவா. சந்திக்கு வரும் பிரதேச சபை ட்ரக்டரில் கொடுக்கவேணும். மோட்டார் சைக்கிள் புறப்படும். மதகு வரும். கை தானாக நீளும். பொதக். சந்தியில் குப்பைப் பையோடு கால்மணித்தியாலம் நின்றால் ஒரு நெல் யாவாரியின் மதிப்பு என்னத்துக்கு ஆகும்?

“குடுத்திட்டியளோ?”

“குடுத்தாச்சு. ட்ரக்டர் றைவர் உம்மையும் சுகம் கேட்டவர்.”

“ட்ரக்டர் பழுதாகி ரெண்டு கிழமையா வரேல்லையாம்.”

“அப்ப... அது றைவற்றை தம்பியாக்கும்.”

முப்பத்திரண்டு வருசம் இந்த மனிசனோடு குப்பை கொட்டிய சிவனேஸ்வரிக்கு, மனிசன் குப்பை கொட்டுகிற இடம் தெரியாமல் போகுமா?

மதகு அடைத்தது. சிறுபோகத் தண்ணீர் அதற்கு அங்காலை போகவில்லை. வாய்க்காலின் கடைசியில் சுமித்திராவின் இரண்டு ஏக்கர். புருசனை இழந்த மனிசி, தனிய நின்று விதைத்தது. பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்க, நிலம் வெடித்துவிட்டது. இன்னும் நாலு நாள் தண்ணீர் வராவிட்டால் வெட்டுவது நெல் இல்லை, வைக்கோல் என்று கூட்டத்தில் மெதுவாகச் சொன்னா.

அதைக் கேட்க இளையதம்பிக்கு உள்ளே எங்கேயோ குத்தியது. குத்தினால் அவர் இன்னும் உரக்கக் கத்துகிற ஆள். பிடிபடுகிறவன் மதகடியிலிருந்து சுமித்திராவின் வயல்வரை வாய்க்காலுக்குள் தனியாக இறங்கிக் குப்பையைக் கையால் அள்ளவேணும், எழுதும் தம்பி, என்றார். செயலாளர் கோகுலன் எழுதினான். எல்லாரும் கை உயர்த்தினார்கள். பிறகு, ஆரும் கண்டனீங்களோ என்று அவன் கேட்டான்.

பெண்கள் பக்கத்தில் சிவனேஸ்வரி எழும்பி நின்றா.

“நான் கண்டனான். போன செவ்வாய், மதகடியிலை, என்ரை கண்ணாலை.”

“ஆர் மாமி? பேரைச் சொல்லுங்கோ.”

“அதை மட்டும் கேக்காதேங்கோ தம்பி. அந்தப் பேரை நான் என்ரை வாயாலை சொல்லுறேல்லை.”

கூட்டம் கொஞ்சம் யோசித்தது. தாலி கட்டின நாள் தொட்டுச் சிவனேஸ்வரி வாயால் சொல்லாத பேர் உலகத்தில் ஒன்றே ஒன்று. ஆசுப்பத்திரியில் புருசனின் பேர் கேட்டால்கூட அவரின் அடையாள அட்டையைத்தான் நீட்டுவா. முதலில் பெண்கள் பக்கம் ஒரு கிளுகிளுப்பு. பிறகு முன்வரிசை. கோகுலன் பேனை மூடியைக் கடித்துக்கொண்டு குனிந்தான். சுமித்திரா மட்டும் சிரிக்காமல் இளையதம்பியைப் பார்த்தா. எந்தச் சந்தையிலும் விலை பேசிப் பழகிய மனிசனால் அந்தப் பார்வையோடு பேரம் பேச முடியவில்லை.

அடுத்தநாள் விடியச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பை பையாக வந்தது. எல்லாப் பையிலும் சிவனேஸ்வரியின் முடிச்சு. மத்தியானம் மதகு திறந்தது. இடுப்பு விட்டுப்போனது. பழக்கதோசத்தில், கரையில் நின்ற சுமித்திராவோடு பேரம் தொடங்கினார்.

“மிச்சத்தைத் தண்ணி இழுத்துக்கொண்டு போகும். பாதியோடை முடிப்பம்.”

“இழுத்துக்கொண்டு எங்கை அண்ணை போகும்?” என்றா சுமித்திரா. “என்ரை வயலுக்குத்தானே.”

இளையதம்பி திரும்பவும் வாய்க்காலுக்குள் குனிந்து அடுத்த பையை இழுத்தார். குடையோடு வரம்பில் நின்ற சிவனேஸ்வரி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“சுமித்திரா, வாய்க்காலை அடைச்ச அந்த ஆளிட்டை ஒருக்காச் சொல்லும். உம்மடை கடைசி வரம்பு நனைஞ்ச பிறகுதான் அவருக்கு வீட்டிலை சோறு.”