வாற மாசம் அக்கா

தாம்பரம் ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஆறு முறை வழியனுப்பப்பட்டு ஒருமுறைகூட ஊர்போய்ச் சேராத மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தெருவில் இருந்தார். வாற மாசம் அக்கா.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை. பருத்தித்துறைப் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து, சண்டைக் காலத்தில், ஒரு கைப்பையோடு படகேறி வந்தவர். வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னாராம்: "கனநாள் இருக்கமாட்டன் ஐயா. வாற மாசம் போயிடுவன்." அந்த வீட்டில் இருபத்தாறு வருடம் இருந்தார். வீட்டுக்காரர்தான் முதலில் போனார், மேலே.

அக்கா தையல்காரர். பள்ளிக்கூடச் சட்டை எதுவானாலும் மடிப்புக்குள் நான்கு விரல் துணியை ஒளித்து வைத்துத் தைப்பார். கேட்டால், "வளரும் பிள்ளை" என்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் எனக்குத் தைத்த பேன்ட்டிலும் அதே நான்கு விரல் இருந்தது. அப்போது எனக்கு நாற்பது வயது. "அக்கா, நான் இனிமே வளர மாட்டேன்" என்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலும் கீழும் பார்த்து, "ஆருக்குத் தெரியும் தம்பி" என்றார்.

அவர் போக நினைத்தது ஊருக்காக மட்டும் அல்ல. அங்கே ஒரு தங்கச்சி இருந்தாள். குடும்பத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான். அவளுக்குச் சர்க்கரை, அது கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது அவள் திரையை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பாள். இங்கிருந்து பார்த்தால் ஒரு கண் மட்டும் தெரியும்.

"அக்கா, எப்ப வாறாய்? கண் தெரியேக்க வா."

"வாற மாசம் பிள்ளை."

வந்தது படகில். பாஸ்போர்ட் என்று ஒன்று உண்டா என்று அந்தப் படகில் யாரும் கேட்கவில்லை. போவதற்குத்தான் கேட்டார்கள். அதோடு இங்கிருந்து வெளியேற ஓர் அனுமதித் தாள் வேண்டும். அந்தத் தாளுக்காக நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு நானும் அவருமாக மின்சார ரயிலில் போவோம். எனக்கு இங்கிலீஷில் பாரம் நிரப்ப வரும் என்று தெரு நம்பியது. அங்கே ஒரு குமாஸ்தா, நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்து சொல்வார்: "அடுத்த வாரம் வந்துரும்மா."

சென்னையில் பிறந்த குழந்தைக்குக்கூட அதன் பொருள் தெரியும்: இப்போது எழுந்து போங்கள். அக்காவோ அதை ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கொடுத்த வாக்கு என்று எடுத்துக்கொண்டார். நேராக வீட்டுக்கு வந்து சாமான்களை விநியோகிக்க ஆரம்பித்தார்.

முதல் தடவை கட்டிலும் மிக்சியும் போயின. தெரு மாலை போட்டது, குரூப் போட்டோ எடுத்தது, ஒரு சால்வை போர்த்தியது. அடுத்த வாரம் தாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்கா தரையில் படுத்தார். கட்டிலைத் திருப்பித் தூக்கி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்கினா பயணத்துக்குத் தடங்கல் வரும்."

"பயணமே இல்லியேக்கா" என்றாள் மல்லிகா. வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள்.

"வாற மாசம் இருக்குதுதானே."

ஆக, சட்னி அரைக்க வேண்டுமென்றால் தேங்காயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நான்கு வீடு தள்ளிப் போய்த் தன் மிக்சியில் தானே விருந்தாளியாக அரைத்துக்கொண்டு வருவார். போகிற வீட்டுக்குப் பாதிச் சட்னி.

மூன்றாவது வழியனுப்பல் ஒரு நவம்பரில். ஃபிரிட்ஜை என் வீட்டுக்குத் தள்ளிவிட்டார். டிசம்பரில் வெள்ளம் வந்தது. எங்கள் எல்லோர் வீட்டிலும் கட்டில், பீரோ, அரிசி டிரம் என்று உருப்படியானதெல்லாம் மிதந்தது. அக்காவின் வீட்டில் தண்ணீர் வந்து, சுற்றிப் பார்த்து, எடுக்க ஒன்றுமில்லாமல் நின்றது. அவருடைய ஃபிரிட்ஜ் என் வீட்டில் மிதந்தது. மொட்டை மாடியில் நனைந்த கோழிகள் போல நாங்கள் உட்கார்ந்திருக்க, இருந்த ஒரே மாற்றுப் புடவையைக் கிழித்துக் குழந்தைகளுக்குத் தலைதுவட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "நான் சொல்றது இதைத்தான். போற ஆள் மாதிரி இருக்கவேணும்."

ஐந்தாவது தடவை தையல் மெஷினையே மல்லிகாவுக்குக் கொடுத்தார். தங்கச்சிக்கு ஒரு கண் போய்விட்டிருந்தது. அதனால் அக்கா குமாஸ்தாவை முழுசாக நம்பிவிட்டார். நலச்சங்கச் செயலாளர் பழைய வழியனுப்பு ஃபிளெக்ஸையே கொண்டுவந்தார். தேதியின் மேல் மட்டும் ஒரு துண்டு காகிதம். "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் புதுசு அடிச்சா கமிட்டியில கேள்வி கேக்கறாங்க." அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. காகிதம் கோணலாக இருக்கிறதென்று பிரித்து, நேராக ஒட்டிக் கொடுத்தார்.

போகவில்லை. மறுநாள் காலை மரத்தடிக்கு வந்து, மல்லிகாவின் மெஷின் முன்னால் ஒரு கூலியாளைப் போல உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒருத்தி தைக்க, ஒருத்தி தேய்க்க, தெருவின் மொத்த வழக்கும் அங்கேதான் தீர்ந்தது. திருநீர்மலைப் பக்கம் வயிற்றைக் காட்டிக்கொண்டு விமானம் ஏதாவது சாய்ந்து போகும். அக்காவின் கால் மிதிப்பதை நிறுத்தும்.

"இது கொழும்புக்கோ?"

"எங்க போனா இன்னாக்கா? நம்மள ஏத்திக்கினா போவுது? நீ தைய்யி."

ஆறாவதைப் பற்றி அதிகம் எழுத முடியாது. கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் மகளுக்குக் கொடுத்தார். அந்தத் தடவையும் தாள் வரவில்லை. தங்கச்சிக்கு இரண்டாவது கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகும் அவள் பழக்கத்தில் போனை மூக்கோடு ஒட்டித்தான் பிடித்தாள். பார்க்காத அந்தக் கண்ணோடு அக்கா தினமும் பேசினார். ஒரு பங்குனி மாதத்தில் பேச்சு நின்றது. தங்கச்சியின் காரியத்தை அங்கே பக்கத்து வீட்டுப் பையன் போனில் காட்டினான். சிக்னல் கிடைக்காமல் படம் பாதியில் உறைந்துவிட்டது. உறைந்த படத்தை அக்கா வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த வாரம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போனோம். குமாஸ்தா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தாளை நீட்டினார். உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம்.

"பார்த்தீங்களாம்மா? வந்துரும்னு சொன்னேன்ல."

"ஓம் தம்பி. சொன்னனீங்கள்தான்" என்றார் அக்கா. அவருக்கு நன்றி சொன்னார். அந்த மனிதரின் சட்டைக் கையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்து, பையிலிருந்து ஊசியெடுத்து, நின்றபடியே இரண்டு தையல் போட்டுவிட்டார். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பும் ரயில் பல்லாவரம் தாண்டியது. அக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "இனி அங்க போய் ஆரைப் பாக்கிறது?" குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி இறங்கியது. "மல்லிகாவுக்குச் சொல்லாதேங்கோ தம்பி. அவள் ஏழாவது தரம் வழியனுப்ப வெளிக்கிட்டிடுவாள்."

சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது. அதை இந்தப் பத்திகளுக்குள் இவ்வளவு நேரம் ஒளித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் தாள் வராதபோது எங்கள் தெரு 'ஐயோ பாவம்' என்றது. சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டது. மாலை போட்ட கையெல்லாம் அவர் போகக்கூடாதென்று வேண்டிக்கொண்ட கைதான். நான்காவது பாரத்தில் ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பினேனா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அன்று போய்த் திருத்தியிருக்கலாம். மழை என்று போகவில்லை. அந்த அலுவலகமும் எங்கள் பிரியமும் ஒரே கட்சியில் நின்று ஒரு பெண்ணை, தங்கச்சியின் கண்கள் இரண்டும் அணையும்வரை, பிடித்து வைத்திருந்தன. இதை எந்த மரத்தடியில் கொண்டுபோய்த் தீர்ப்பது?

அடுத்த ஐப்பசியில், ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே அக்கா சாய்ந்துவிட்டார். மழைத்தூறல். தூங்குகிறார் என்று நினைத்து மல்லிகா தன் குடையை நகர்த்திப் பிடித்திருக்கிறாள், கால்மணி நேரம்.

மயான அலுவலகத்தில் ஒரு பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். பெயர் என்ன? தெருவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பாரம் நிரப்பியவன் என்பதால் எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன். சொந்த ஊர்? செயலாளர் "முடிச்சூர்" என்று ஆரம்பித்தார். நான் இடைமறித்து அந்தக் கடலோரக் கிராமத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நோட்டிலாவது போய்ச் சேரட்டும்.

"சொந்தக்காரங்க யாரு? கையெழுத்துப் போடணும்."

மல்லிகா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தங்கச்சின்னு போட்டுக்க."

பையன் நிமிர்ந்து பார்த்தான். "அவங்க சிலோன்னு இவரு சொல்றாரு. நீங்க பேசறது நம்ம ஊர்ப் பேச்சா கீதே?"

"அவள அங்க கட்டிக் குடுத்துட்டாங்க, என்ன இங்க கட்டிக் குடுத்துட்டாங்க" என்றாள் மல்லிகா. "எங்க போடணும், காட்டு."