ஒன்பதாவது வரியில் ஒரு திருப்பம்

மனைவியிடம் அனுமதி கேட்பதில்லை என்று ஃப்ரிட்ஜ் மெக்கானிக் முடிவு செய்தான். கேட்டால்தானே இல்லை என்பாள்? கேட்காமலே அவள் வாயால் "போய்ட்டு வாங்க" என்று வரவழைக்க வேண்டும். இதைப் பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்ததால் பாதி வீரம் நுரையோடு போய்விட்டது. மீதி போதும் என்று வாயைக் கொப்பளித்தான்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அவனுடைய சிநேகிதர்கள் வேன் பிடித்து அருவிக்குப் போகிறார்கள். மூன்று நாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவனுக்கு. காலையில் வயிற்றின்மேல் ஏறி மீசையைப் பிடுங்க ஒன்றரை வயது மகள் இருக்க மாட்டாள். "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நினைக்கும்போதே காதில் தண்ணீர் கொட்டியது.

போன வருஷம் நேராகத்தான் கேட்டான். மனைவி மகளைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போய்விட்டாள். மகள் அவன் மடியை நனைத்தாள். பதில் கிடைத்துவிட்டது.

இந்த வருஷம் வழி காட்டியவர் மாடிவீட்டு இங்கிலீஷ் டீச்சர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. அவன் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, டீச்சர் மறுநாள் பாடத்துக்கு ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துப் பெரிதாகப் பெருமூச்சு விட்டார்.

"என்ன டீச்சர், யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல தம்பி. காதல்."

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"விக்டோரியா மகாராணி காலத்துக் காதல் கவிதை. பதினாலே வரிதான். அந்தக் காலத்துல எப்படி உருகியிருக்காங்க பாருங்க!"

"கண்ணு மீனு, மூக்கு கிளின்னா?"

"சேச்சே! மூக்கு முழியெல்லாம் கிடையாது. நேரா ஆன்மாதான்."

"ஆன்மா எங்க டீச்சர் இருக்கு?"

டீச்சர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "இதோ, உங்க கம்ப்ரஸர் மாதிரி. பின்னாடி இருக்கும், வெளிய தெரியாது. அது நின்னா எல்லாம் நின்னுடும்."

மெக்கானிக்குக் கவிதை புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் எங்கேயோ போயிருப்பான்.

"மூச்சு, கண்ணீர், கடவுள், சாவு, அதுக்கப்புறமும் காதல். இதையெல்லாம் போடுவாங்க தம்பி. எட்டு வரி வரைக்கும் ஒரு பக்கமா போகும். ஒன்பதாவது வரியில 'ஆனாலும்'னு திரும்பிடும்."

"எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பலாமா?"

"திரும்பலாம். ஆனா ஒண்ணு, தனக்குன்னு எதையும் கேட்கக்கூடாது. கேட்டா அது காதல் இல்ல, மனு."

அந்தக் கடைசிப் பேச்சு அவன் காதில் சரியாக ஏறவில்லை. அவன் மனசு அதற்குள் ஒன்பதாவது வரியில் உட்கார்ந்திருந்தது. எட்டு வரியில் அவளை உருக்கிவிட வேண்டும். உருகி ஓடும்போது 'ஆனாலும்' என்று அருவிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜில் கேஸ் ஏற்றிவிட்டு, தனக்குள்ளும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினான்.

இரண்டு நாள் வாய்க்குள்ளேயே பாட்டுக் கட்டினான். ஒரு கடைக்காரர் "ஐஸ் பெட்டி எப்போ சரியாகும்?" என்று கேட்டதற்கு, "கல்லறைக்குப் பிறகும்" என்று சொல்லித் திட்டு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கூடைக்குள் மகள் உட்கார்ந்து, அப்பாவின் சாக்ஸைத் தின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் தலையை வழித்து வாரிக்கொண்டு வந்து நின்றான்.

"என்னங்க, எங்கயாவது சாவு வீடா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதை உடைச்சீங்க?"

"உடைக்கல. கவிதை."

அவள் தலையணை உறையைக் கீழே வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உன் கண்ணைப் பற்றிப் பேச நான் வரவில்லை..."

"ஏன், கண்ணுக்கு என்ன?"

"குறுக்க பேசாத. உன் கண்ணுக்கும் பின்னால் இருக்கும் ஆன்மாவைத் தொழ வந்தேன். நீ இல்லாத அறையில் காற்று இல்லை. அரை நாள் நீ இல்லையென்றால் அரை உயிர் இல்லை. நீ வாசலைத் தாண்டினால் என் உயிரும் செருப்பு மாட்டுகிறது..."

அவள் சிரிக்கவில்லை. அதனால் தைரியம் வந்தது. கண்ணீரைப் போட்டான். கடவுளைப் போட்டான். எட்டு வரியும் ஆனதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் மகளின் சட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உருகிவிட்டாள்!

"ஆனாலும்," என்றான். குரல் கணீரென்று வந்தது. "ஆனாலும் அன்பே, தூரம் என்பது உடம்புக்குத்தான். நீ ஏழு கடல் தாண்டிப் போனாலும் என் காதல் நனையாது. பிரிவு வந்தால் சிரித்துக்கொண்டே அனுப்புவேன். பதிலுக்கு ஒன்றும் கேட்க மாட்டேன். கொடுப்பதே என் இன்பம். செத்த பிறகு இன்னும் கொடுப்பேன்."

மகள் சாக்ஸைத் துப்பினாள்.

"என்னங்க," என்றாள் மனைவி. குரல் கரகரத்தது. "கல்யாணமாகி நாலு வருஷத்துல என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை பேசினதில்லையே!"

"மனசுலயே இருந்தது. இன்னிக்குத்தான் வந்தது."

"நெசமா சொன்னீங்களா? சும்மாவா?"

"உன்மேல சத்தியமா, பாப்பாமேல சத்தியமா!" என்றான். இரும்பு சூடாக இருந்தது. அடித்தான். "அதனாலதான் பாரு, பிரிவுன்னா ஒண்ணுமே இல்ல. இப்ப வெள்ளிக்கிழமை பசங்க வேன்ல அருவிக்கு..."

"அய்யய்யோ!" அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களா? வேணாங்க! அரை நாளுக்கே அரை உயிருன்னா, மூணு நாளுக்கு எத்தனை உயிரு வேணும்? மலை வேற. அங்க இருக்கிற காத்தும் பத்தாது. என்னால விதவையா இருக்க முடியாதுங்க."

"அது முதல் எட்டு வரிம்மா! அப்புறம் திரும்பிடுச்சே!"

"திரும்பிச்சே. அழகா திரும்பிச்சு. நான் ஏழு கடல் தாண்டிப் போனாலும் சிரிச்சுக்கிட்டே அனுப்புவேன்னீங்களே, அங்கதாங்க எனக்கு அழுகையே வந்துடுச்சு. அக்கா ஆறு மாசமா கடற்கரைக்கு வா, கடற்கரைக்கு வான்னு கூப்பிடறா. உங்களால முடியாதேன்னு நான் வாயே திறக்கல."

அவன் ஏதோ சொல்வதற்குள் அவள் போனைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமையே கடற்கரைக்குக் கிளம்பிடலாம்! அவரே போகச் சொல்லிட்டாருக்கா! கவிதையா சொல்லிட்டாரு!"

"மாப்பிள்ளையா?" என்றது போன். "காய்ச்சல் ஏதும் இல்லையே?"

"கேளேன். என்னங்க, அந்தக் கடைசி ஆறு வரி இன்னொரு தடவை சொல்லுங்க."

பாப்பாமேல் சத்தியம் செய்தாகிவிட்டது. பாப்பா வேறு கூடைக்குள்ளிருந்து அவனையே பார்த்தாள். அவன் சொன்னான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் பல்லைப் பிடுங்குவது போல வந்தது.

போனில் அக்கா மூக்கை உறிஞ்சினாள். அதற்கும் பின்னால் அவள் மாமியார் "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே!" என்று தன் மகனைத் திட்டினார். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் கவிதையைத் திரும்ப வாங்க முடியாது.

"பாப்பாவும் உன்கூடத்தானே வரும்?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டான்.

"அவளையும் நான் கூட்டிட்டுப் போய்ட்டா உங்களுக்குக் கொடுக்கறதுக்கு என்னங்க இருக்கும்? கொடுப்பதே இன்பம்னீங்க. அந்த இன்பத்தை நான் கெடுக்கலாமா?"

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ வந்தது. மனைவி புதுச் செருப்பு மாட்டினாள். மகளுக்கு முத்தம் கொடுத்தாள். அவன் கன்னத்தையும் ஒரு தட்டுத் தட்டினாள். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"அருவிக்கு வேன் போற விஷயத்தை டிரைவர் பொண்டாட்டி போன மாசமே சொல்லிட்டாங்க. நீங்க எப்படிக் கேக்கப்போறீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். இவ்வளவு நல்லா கேப்பீங்கன்னு நினைக்கல. சிரிங்க! சிரிச்சுக்கிட்டே அனுப்புவேன்னீங்களே!"

சிரித்தான். ஆட்டோ தெருமுனையில் திரும்பியது.

அன்று சாயங்காலத்துக்குள் பால் தீய்ந்தது. மகள் மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மா எங்கே என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். மடிக்காத துணி கட்டிலை நிறைத்தது. அதன்மேல் மகளும் அவனும் உட்கார்ந்திருந்தார்கள். வீடு என்னவோ போலிருந்தது. அவள் இருந்தால் இந்நேரம் "சோப்பு தீர்ந்துபோச்சு" என்றிருப்பாள். அந்தக் குரலைக் கேட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. போனை எடுத்தான்.

"ஏம்மா... கவிதை இல்ல. திட்டம் இல்ல. சத்தியமா சொல்றேன். நீ இல்லாம இங்க மூச்சு முட்டுது."

அந்தப் பக்கம் அலை சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவள் குரல் கனிவாக வந்தது:

"ஜன்னலைத் திறந்து வைங்க."