சதுக்கத்தில் ஊதப் போனேன்

முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் ஊதியம் வாங்கியவன் நான், மாங் ஹக்-சூ. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு சாக்ஸபோன் வாங்கினேன். இனிமேல் ஊதிப் பெயர் வாங்குவது என்று தீர்மானம்.

பெயரும் வாங்கினேன். எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதில் ஒருநாள் அறிவிப்பு வந்தது: "யாரோ ஒருவர் வாத்தியம் வாசித்து எல்லாருக்கும் தொல்லை தருகிறார். அவர் பெயரைச் சொல்லி அவமானப்படுத்த விரும்பவில்லை. வீட்டு எண் ஆயிரத்து இருநூற்று நான்கு."

என் மனைவி கும்-நான் கொதித்துவிட்டாள்.

"இனிமே இந்த வீட்ல நீங்க ஏதாவது ஊதணும்னா, சூடா இருக்கற சூப்பை ஊதுங்க. போதும்."

கலைஞனை வீடு மதிக்காது. சரி, ஊர் மதிக்கட்டும். நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் கலை நிகழ்ச்சி நடத்தும் குழுக்களுக்கு மானியம் தருவதாக விளம்பரம் பார்த்தேன். முப்பது லட்சம் வொன்! குழுவில் ஐந்து பேராவது வேண்டுமாம். முடிதிருத்தும் நண்பன் போங்-ஷிக்கைப் பிடித்தேன். அவன் மேளம் தட்டுவான். அவன் கடையில் பாதி முடி வெட்டிய நிலையில் எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

"மானியம் வருமோ வராதோ தெரியாது. மானம் போறது உறுதி," என்றான் போங்-ஷிக். "உன் வீட்டம்மாவுக்குத் தெரியுமாடா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தாரின் ஒத்துழைப்பு எப்படி? 'என் கலைக்கு மனைவியே முதல் ரசிகை' என்று எழுதினேன்.

விண்ணப்பம் போட்ட வாரத்திலிருந்துதான் கும்-நான் போக்கில் மாற்றம். புதன்கிழமை தோறும் மத்தியானம் கிளம்பினாள். கேட்டால், பொதுக் குளியல் விடுதிக்கு என்றாள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அவள் குளிக்கும் நேரத்திலாவது நான் திட்டு வாங்காமல் ஊதலாமே! மூன்றாவது புதன்தான் கவனித்தேன். திரும்பி வந்தவளின் தலை காய்ந்திருந்தது. துண்டும் காய்ந்திருந்தது.

"குளிச்சியா?"

"குளிச்சேனே."

"தலை ஈரமே இல்லை?"

"ஹேர் டிரையர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க. தபால்ல உங்களுக்கு இன்னும் தகவல் வரலையா?"

"துண்டும் காஞ்சிருக்கே?"

"என்னங்க, குளிச்சது நானா, துண்டா?"

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு கேள்வி அவள் திருப்பிக் கேட்டால் என் விண்ணப்பம் வெளியே வந்துவிடும். ஆனால் சந்தேகம் விடுமா? பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறாள். என்னைக் கண்டதும் "அப்புறம் பேசறேன்" என்கிறாள். ஒரு தடிமனான கவரைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறாள்.

அடுத்த புதன் தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி சகிதம் பின்தொடர்ந்தேன். குளியல் விடுதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். நேராக நகராட்சிக் கட்டடம். மூன்றாவது மாடி. நான் விண்ணப்பம் போட்ட அதே கலைப் பிரிவு!

போங்-ஷிக் கடைக்கு ஓடினேன்.

"தெரிஞ்சுபோச்சுடா! என்மேல புகார் கொடுக்கறா!"

"வாராவாரமா?"

"அவ்வளவு புகார் இருக்கு!"

நேர்காணல் நாள் வந்தது. ஐந்து பேரும் ஒரே நிறக் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். நீண்ட மேசை. ஐந்து நடுவர்கள். நடுவில், 'குடிமக்கள் பிரதிநிதி' என்ற பலகைக்குப் பின்னால், கும்-நான்.

ஊர்க்காரர்களில் ஒருவரை நடுவராக்கும் குலுக்கலில் அவள் பெயர் விழுந்திருக்கிறது. நடுவர் யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் இருந்தவை விண்ணப்பங்கள். என்னுடையதும் அதில் ஒன்று.

அவள் எழுந்தாள். "விண்ணப்பம் போட்டவர் என் வீட்டுக்காரர். விதிப்படி நான் இதுல தீர்ப்புச் சொல்லக்கூடாது." குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனாள்.

தப்பித்தேன்! நெஞ்சு நிமிர்ந்தது. மேசையின் ஓரத்தில் இருந்த அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

"அடுத்து, குழுவின் வாசிப்பைக் கேட்டிருக்கும் குடியிருப்போர் யாராவது கருத்துச் சொல்லலாம்."

பின்கதவு திறந்தது. அதே கும்-நான் உள்ளே வந்தாள். இப்போது குடியிருப்போரில் ஒருத்தியாக.

"நான்தான் இவரோட முதல் ரசிகையாம். எழுதியிருக்கார்," என்றாள். நான் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினேன். போங்-ஷிக் கதவைப் பார்த்தான். "இவர் ஊதறதைத் தினம் கேட்கறேன். அது நாலு சுவருக்குள்ள அடங்கற சத்தம் இல்லைங்க. பெரிய மைதானம் வேணும். கட்டாயம் மானியம் கொடுங்க."

என் கண் கலங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தபால்தலை விற்றவனைப் பற்றி ஒருவரும் இப்படிப் பேசியதில்லை.

"ஆனா ஒரு விண்ணப்பம்," என்றாள். "இவ்வளவு பெரிய கலைக்கு ஒழுங்கான பயிற்சி வேணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் நகராட்சிப் பயிற்சிக்கூடம் சும்மா கிடக்கு. தினம் காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அங்கதான் பயிற்சின்னு நிபந்தனை போடுங்க. வாத்தியத்தையும் அங்கேயே பூட்டி வச்சுடலாம். பாதுகாப்பு."

நடுவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உணர்ச்சிப் பெருக்கில் மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்மேல அநியாயமாச் சந்தேகப்பட்டேன், கும்-நான். நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தா எனக்குக் கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காது," என்றாள் அவள், ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி. "வீட்லயே ஊதியிருப்பீங்க."