காரின் எடைக்கு வெங்காயம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன பிள்ளை ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். யாராவது அவசரப்படுத்தினால் பேனாவை மூடிவிடுவேன். இந்த ஆயுசுக்குள் எத்தனையோ யோக்கியர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் சாமியிடமே தராசை நேராகப் பிடித்த மனுஷர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு எடைக்கல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மண்டியில் வெங்காயமும் பருத்தியும் நிறுத்தே பாதி வயது போயிற்று. அப்புறம் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். மண்டியை விட்டாரே தவிர எடையை விடவில்லை. கல்யாணப் பந்தியில் லட்டைக் கையில் ஏந்திப் பார்த்து, "பக்கத்து எலைக்கு ஒரு முந்திரி கூடப் போயிருக்கு" என்பார். காரில் ஏறுகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, கனத்தைப் பிரித்துத்தான் உட்கார வைப்பார். ஒரு தடவை புது மாப்பிள்ளையைப் பெண்ணிடமிருந்து பிரித்து மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். கேட்டதற்கு, "டயரு நல்லாயிருந்தாத்தான குடும்பம் நல்லாருக்கும்" என்றார்.

தொண்ணூற்றெட்டோ ஒன்பதோ, நல்ல மழைக்காலம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் வளர்மதிக்கு மத்தியானச் சோற்றில் கை வைத்தபோது இடுப்பு வலி எடுத்தது. மாதம் இன்னும் நிறையவில்லை. எடைக்கல் காரைக் கொண்டுவந்தார். நானும் அவளும் பின்னால் ஏறினோம். குன்னம் தாண்டிப் பெரம்பலூர் போகிற வழியில், சாலையைக் கடந்து ஓடிய ஓடைத் தண்ணீருக்கு நடுவில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்புகிறார், திருப்புகிறார், இருமல்கூட வரவில்லை. வளர்மதி என் தோளைக் கடிக்கிறாள். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார்.

"செல்லியாத்தா, இந்த வண்டிய நகத்திக் குடு தாயி. எடைக்கு எடை வெங்காயம் தரேன்."

வேறு யாராக இருந்தாலும் கோழி என்றிருப்பான், மொட்டை என்றிருப்பான். அந்த வலியிலும் வளர்மதி கேட்டாள், "என் எடையா மாமா?"

"இல்லம்மா. வண்டியோட எடை."

சாவியைத் திருப்பினார். கார் கிளம்பிவிட்டது.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துதான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எடைக்கல் பழைய மண்டித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, தட்டில் என் சேலையை மடித்துப் போட்டுப் பிள்ளையை வைத்தார். முள் நகர்ந்ததா என்று எனக்கே சந்தேகம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "வேண்டுதலு பாக்கி நிக்குதுக்கா. அத முடிக்காம ஒரு வாடகை ஓட்ட மாட்டேன்" என்றார். சொன்னபடி காரை என் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

அவர் வீட்டுக்காரி ராசாத்திக்குச் சொந்த ஊர் ரஞ்சன்குடி. அந்த ஊர்க் கோட்டைக்கே கேட்கிற தொண்டை. "அரியலூரு ரோட்டுல சுண்ணாம்புக்கல்லு லாரி ஏத்துற எடைமேடை இருக்குல்ல? அதுல கொண்டுபோயி நிறுத்துனா ஒரு நிமிசத்துல சொல்லிடுவான்!"

"அந்த மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கொறஞ்சா கண்ணு தெரியாதுடி. அந்தப் பத்து கிலோவ ஆத்தாளுக்கு யாரு குடுப்பா?"

"அப்ப நம்ம காட்டுல வெளஞ்சு பட்டறை போட்டு வச்சிருக்குற வெங்காயத்த மொத்தமாக் கொட்டிட்டு வாங்க!"

"கூடக் குடுத்தா லஞ்சம். கொறச்சுக் குடுத்தா களவு. ரெண்டும் நம்ம பரம்பரையில இல்ல."

முதலில் காரைப் பிரித்து நிறுத்தார். கதவு, சீட்டு, சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டார். தெருவே கறிக்கடை மாதிரி இருந்தது. இன்ஜினுக்கு மட்டும் தராசு போதவில்லை. வேப்பங்கிளையில் சங்கிலி போட்டு ஏற்றினார். கிளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முறிந்தது. கீழே தாங்கலுக்கு வைக்க இரவல் கொடுத்திருந்த என் அம்மிக்கல் இரண்டாயிற்று. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு கொட்டாங்கச்சி நிறைய போல்ட் மிஞ்சியது. "இது காரா, கார் இல்லையா?" என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார். தெரியாத கணக்கைச் சாமியிடம் கொண்டுபோக முடியாது என்று மொத்த எடையையும் அழித்துவிட்டார்.

அடுத்தது ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட, ஆள் ஏறி நின்றால் முள் சுற்றும் மிஷின். மனுஷக் கனத்துக்குச் செய்தது காரை எப்படித் தாங்கும்? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு பலகையின் ஒரு முனை செங்கல்லில், மறுமுனை மிஷினில். சக்கரத்தைச் செங்கல் பக்கமாக ஏற்றினால் மிஷினுக்குக் கொஞ்சம் கனம்தான் வரும், அதைப் பெருக்கிக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனைதான். கார்தான் பலகையில் ஒரு சாண் அதிகமாக உருண்டுவிட்டது. முள் ஒரு சுற்றுச் சுற்றிக் கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். சைபர்.

ராசாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா கணக்க முடிச்சிட்டா! காருக்கு எடையே இல்லையாம். வாங்க, சாப்புடலாம்."

அவர் அசரவில்லை. டயருக்குள் இருக்கிற காற்றுதான் காரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, டயர் தரையைத் தொடும் இடத்தை அளந்து காற்றின் அழுத்தத்தால் பெருக்கினால் எடை வந்துவிடும் என்று எங்கேயோ கேட்டுவந்தார். என் கோலமாவை வாங்கி நான்கு டயரைச் சுற்றியும் தூவினார். அளந்து பெருக்கியவர்களுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. ஒருவர் கணக்கில் கார் யானை, இன்னொருவர் கணக்கில் கன்றுக்குட்டி.

இதற்குள் பங்குனி வந்துவிட்டது. பட்டறையில் வெங்காயம் காய்ந்து சுருங்கிக்கொண்டே போயிற்று. பிள்ளையோ மெதுவாகத் தேறி வந்தாள். சந்தை நாளெல்லாம் தராசோடு வந்துவிடுவார். "கொழந்த ஏறுது, வெங்காயம் எறங்குது" என்று சிரித்துக்கொண்டு போவார்.

அப்புறம் பிள்ளைக்குச் சளி கட்டியது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அந்த வாரம் தராசில் முள் பின்னால் போனதும் அவர் தராசைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ராசாத்தி என் அடுப்படிக்கு வந்தாள். தொண்டையே இல்லாதவள் மாதிரி பேசினாள்.

"மனுசன் சோறு திங்கலக்கா. என் நாக்கு சொன்னத என் கை செய்யல, அது புள்ள மேல எறங்குதுன்னு அழுவுறாரு. என்னமோ பண்ணி எடைய முடிச்சுக் குடுங்க."

நான் எழுந்து போனேன். "தம்பி, பெரிய கல்லப் பொரட்ட என்ன பண்ணுவோம்? கடப்பாரை போட்டு நெம்புவோம்ல? கார நெம்புங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பனஞ்சட்டத்தைச் சேர்த்துக் கட்டி, கவிழ்த்த உரலின் மேல் வைத்தார். காருக்கு அடியில் போகிற பக்கம் ஒரு முழம், வெளியே நீண்ட பக்கம் ஐந்து முழம். நீண்ட பக்கத்தில் ஒரு மூட்டை தொங்கினால் காரின் பக்கம் ஐந்து மூட்டைக்குச் சமம். சட்டத்தின் சொந்தக் கனத்தைச் சரிக்கட்டக் குட்டைப் பக்கம் என் உடைந்த அம்மியின் இரண்டு பாதியையும் கட்டினார். நிறுக்கிற கல்லுக்குப் பதிலும் வெங்காயமே. முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை தூக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டியது.

எல்லாம் தயார். அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"அக்கா, நான் வேண்டிக்கிட்டப்ப வண்டி காலியா இல்லியே. ஏறுங்க."

நானும் வளர்மதியும் பிள்ளையும் பின்னால் ஏறினோம். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். கன்னத்தில் வெற்றிலையோடு வந்த தபால்காரர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "குடும்பத்தோட எங்க பயணம்?" என்றார்.

"எங்கயும் போவல. எடைக்கு உக்காந்திருக்கோம்" என்றேன்.

"மாமா, அன்னைக்கு இவ வயித்துக்குள்ள இருந்தா" என்றாள் வளர்மதி. "இப்ப வளந்துட்டாளே, அந்தக் கணக்கு?"

"கழிச்சிடுவேம்மா. அவ ஏறுனது ஆத்தா குடுத்தது. அத ஆத்தாகிட்டயே திருப்பிக் குடுத்தா என்ன மரியாதை?"

ராசாத்தி வெங்காயத்தை அள்ளி அள்ளி வலையில் போட்டாள். சட்டம் முனகியது. காரின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. தெருவே கைதட்டியது. இருமிக்கொண்டிருந்த பிள்ளை இருமலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பின்பக்கத்தைத் தூக்கியபோது நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகில் போய் முட்டிக்கொண்டோம். அவர் திரும்பக்கூட இல்லை. "ஆடாதீங்க, முள்ளு ஆடும்" என்றார். அங்கே முள்ளே கிடையாது.

மறுநாளே டிராக்டரில் வெங்காயம் கோயிலுக்குப் போயிற்று. பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா மூக்குத்திகூடத் தெரியலியேய்யா" என்றார். அன்னதானத்தில் நாள்கணக்காக வெங்காயச் சாம்பார், வெங்காயப் பொரியல். பாயசத்தில் மட்டும் போடவில்லை என்று சொன்னார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது வெங்காயத்தாலா, பெரம்பலூர் டாக்டர் கொடுத்த மருந்தாலா என்று நான் ஆராயவில்லை. அது கோயிலுக்கும் இது பிள்ளை வயிற்றுக்கும் ஒரே வாரத்தில்தான் போயிற்று.

ஒன்று மட்டும் நான் பார்த்தேன். கோயிலில் கடைசி மூட்டையைக் கொட்டி, கணக்குச் சரி என்று எல்லாரும் நகர்ந்த பிறகு, எடைக்கல் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, வேட்டி மடிப்பில் கட்டிவைத்திருந்த வெங்காயத்தை இரண்டு கையாலும் அள்ளிக் குவியலின் மேல் போட்டார்.

"என்ன தம்பி, இது லஞ்சமில்லையா?" என்றேன்.

திடுக்கிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "லஞ்சந்தாங்க்கா. புள்ளைக்காவ."

கயலு, தராசுத் தட்டில் என் சேலைக்குள் கிடந்த கோழிக்குஞ்சு நீதான். எழுதினது போதும். இந்தா, முதலிலிருந்து ஒரு தரம் சத்தமாக வாசி. லஞ்சம் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசி, நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.