வோர்டனைச் சுற்றி நாலு நாள்

என் வாழ்க்கையில் நடந்ததைவிட நான் நடந்ததுதான் அதிகம். வோர்டன் ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் முப்பத்து நாலு வருஷம் தபால் கொடுத்தவன் நான். இந்தப் பக்கத்துப் பண்ணை நாய்களுக்கு என் முகத்தைவிடக் கணுக்கால்தான் நல்ல பழக்கம். போன வசந்தத்தில் ஓய்வு பெற்ற அன்று ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்தக் கால்கள் சமையலறைக்கும் சாய்வு நாற்காலிக்கும் இடையில் மட்டும்தான் போகும்.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. செப்டம்பரில் ஒரு நாள், பத்து மணிக் காப்பியின்போது, நாம் ரெண்டு பேரும் நாலு நாள் எங்கேயாவது சுற்றி நடந்துவிட்டு வரலாமே என்றாள் என் மனைவி ஹெர்மின்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஹெர்மினிடம் முடியாது என்று சொல்வது சுலபம். சொன்ன பிறகு அதே வீட்டில் இருப்பதுதான் கஷ்டம். அதனால் நானே திட்டம் போட்டுத் தருகிறேன் என்று வரைபடத்தை வாங்கிக்கொண்டேன். எனக்குள் வேறு ஒரு திட்டம் இருந்தது.

எங்கள் பக்கம் பாதைகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் எண் போட்ட கம்பம் நட்டிருக்கிறார்கள். எண்களை வரிசையாக எழுதிக்கொண்டால் போதும், யாரும் வழி தவற முடியாது. வோர்டன், ரூர்லோ, போர்குலோ, லோகெம், மறுபடி வோர்டன்; நாலு நாளுக்கு நாலு ஊர். நேராகப் போனால் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத சாதுவான பூமி. அந்தப் பத்தை நான் இருபத்தேழு ஆக்கினேன். ஒரே கோட்டையை முன்பக்கமாக ஒரு தடவை, பின்பக்கமாக ஒரு தடவை சுற்ற வைத்தேன். ஒரு காட்டுக்குள் நுழைந்து, நுழைந்த இடத்துக்கே வெளியே வந்தோம். எல்லாம் காகிதத்தில்தான். ஹெர்மினுக்கு இடுப்பு வலி. இருபத்தேழு என்றதுமே வேண்டாம் என்பாள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் போய்விடலாம்.

இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரமா என்று கேட்டாள். இதற்குக் குறைந்தால் அதை நடை என்றே சொல்ல முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இப்படி ஒன்று போகணும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் அவள் காப்பியைக் கலக்கியபடியே ஆரம்பித்தாள்.

"என் இடுப்புக்கு இது ஆகாது, வெஸல்."

"அப்ப விட்டுடலாம்."

"நீ எதுக்கு விடணும்? ரொம்ப நாள் ஆசைன்னியே. லுப்பர்ட் வரேன்னுட்டான்."

"எந்த லுப்பர்ட்?"

"நமக்கு எத்தனை லுப்பர்ட் இருக்கான்?"

ஒருவன்தான். பக்கத்து வீடு. நீர்வளத் துறையில் முப்பது வருஷம் வாய்க்கால் பார்வையிட்டவன். அவனும் இந்த வருஷம்தான் ஓய்வு பெற்றான். வேலை போனதிலிருந்து அவன் மனசு உடைந்து போயிருக்கிறான், பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தால் தேறிவிடுவான் என்று அவன் மனைவி அலைடா கண் கலங்கினாளாம். பண்ணை வீடுகளில் மூன்று இரவுக்கும் அறை சொல்லியாகிவிட்டது. வியாழன் புறப்பாடு, ஞாயிறு மாலை வீடு. எனக்குப் புது ஜோடு வேறு வந்து வாசலில் நின்றது.

லுப்பர்ட் கையில் அளவு கீறிய ஒரு கம்போடு வந்தான். எங்கள் நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் வாய்க்காலில் விழலாம். அவன் ஒன்றைக்கூட விடவில்லை. நிற்பான், கம்பை இறக்குவான், ஆழம் சொல்வான், யார் வெட்டியது, யார் தூர்வாராமல் ஏமாற்றியது என்று சொல்வான். முதல் நாள் ரூர்லோ போய்ச் சேர்வதற்குள் எழுபத்தொன்று. நான் தந்திரமாகச் சேர்த்த பதினேழு கிலோமீட்டரிலும் வாய்க்கால்தான். மனசு உடைந்தவன் ஆயிற்றே என்று தலையாட்டிக்கொண்டே நடந்தேன். அவனும் என்னிடம் வினோதமாகப் பிரியம் காட்டினான். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை எனக்கே விட்டான். இரண்டாம் நாள் மழையில் தன் குடையை என் தலைக்குப் பிடித்தான். குதிகாலில் கொப்புளம் உடைந்தபோது அவனே துடைத்துக் கட்டுப்போட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் லோகெம் குன்றின் மேல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐம்பது மீட்டர் உயரம். எங்கள் ஊரில் அதற்கு மலை என்றுதான் பெயர். நான் பாலாடைக்கட்டி ரொட்டியைக் கடித்தபோது அவன் மெல்ல என் தோளைத் தொட்டான்.

"இப்ப மனசு கொஞ்சம் பரவாயில்லையா, வெஸல்?"

"எனக்கென்ன? உனக்குத்தானே மனசு சரியில்லை?"

"எனக்கா? நீ தனியா உக்காந்து அழறேன்னு ஹெர்மின் அலைடாகிட்ட சொன்னாளாம். உனக்காகத்தான் வந்தேன். எனக்கு நடக்கவே பிடிக்காது."

ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன்.

"நீ வீட்ல பகல்ல என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

அவன் கம்பை மடியில் வைத்துக்கொண்டான். "அலைடா பாத்திரம் கழுவறப்ப எவ்வளவு தண்ணி வீணாகுதுன்னு அளந்து சொல்வேன். நீ?"

"அலமாரி டப்பாவுக்கெல்லாம் கதவு எண் மாதிரி நம்பர் ஒட்டி வரிசையா அடுக்கினேன். அவ வெளியே போகக் கோட்டு மாட்டினா, எங்கேன்னு கேப்பேன்."

"தினமுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

இருவரும் கீழே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்து நாலு வருஷம் அந்த வீடு காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணிவரை அவளுடையதாக இருந்தது. நான் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எனக்கு அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது. நல்ல மனுஷன் என்றால் அதோடு வாயை மூடிக்கொண்டு மீதி நடையை நடந்திருப்பான்.

நாங்கள் ஆண்பிள்ளைகள். இன்றைக்கே திரும்பிப் போய், ஒரு நாள் முன்னதாகக் கதவைத் திறந்து, கதை கட்டி எங்களை வெளியே அனுப்பிய இருவரையும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தோம். வரைபடத்தை விரித்தேன். மூன்று நாள் நடந்தும் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்தான் தள்ளி வந்திருந்தோம். நொண்டிக்கொண்டே நேராக நடந்தோம். லுப்பர்ட் ஒரு வாய்க்காலைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும், யார் முதலில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம்.

அவன் வீடு பூட்டியிருந்தது. என் வீட்டைத் திறந்தேன். அங்கேயும் யாரும் இல்லை. அவளும் அலைடாவும் டெர்ஸ்கெலிங் தீவுக்குப் போயிருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமைப் படகில் திரும்புவதாகவும் மேஜைமேல் ஒரு சீட்டு இருந்தது. எங்களை ஏய்த்துவிட்டார்கள் என்றான் லுப்பர்ட். ஆனால் ஒரு நாள் முன்னாடியே வந்து நாமும் அவர்களை ஏய்த்துவிட்டோமே என்றேன். அதில் எங்களுக்கு ஒரு சின்ன திருப்தி.

பசித்தது. குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பானை பட்டாணி சூப். மூடிமேல் ஹெர்மின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது: "சனிக்கிழமைக்கு. இரண்டு பேர்."