ராகு காலத்தில் நின்ற குப்பை லோரிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விடுவேன். முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் மகனோடு சிரம்பானுக்கு வந்துவிட்டேன். தெமியாங்கில் குப்பை லோரி விடும் ஒரு காண்ட்ராக்டர் ஆபிசில், கூட்டித் துடைத்து டீ கலக்குகிற வேலை. சில வருடத்திலேயே முட்டி தேய்ந்து, குனிந்தால் நிமிர இரண்டு சாமியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

சூப்பர்வைசர் மோகன் நல்ல பிள்ளை. தினமும் லோரிகளை எந்தத் தாமானுக்கு, அதாவது எந்தக் குடியிருப்புக்கு, எப்போது அனுப்புவது என்று பார்ப்பவர் அவர்தான். "அக்காவ போன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வெச்சிடலாம், லோரி அனுப்ப எனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று எங்கள் சீன முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். அவரைத் தவுக்கே என்போம். "ஒரு நாள் செய்யட்டும், பார்க்கலாம்" என்றார் தவுக்கே. (ஹலோ சொல்லவே வெட்கப்படுகிறவளுக்குப் போன் வேலை! ஆனால் நாற்காலி கிடைக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மகன் சம்பளம் மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் எப்படி ஓடும்?)

அந்த ஒரு நாள் ஒரு திங்கட்கிழமையாக வந்தது. மோகன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"அக்கா, பயப்படாதீங்கலா. ஏழரைக்கு மொத லோரிய விடுங்க. அது போயி கொஞ்ச நேரம் ஆனதும் அடுத்தது. அவ்ளோதான்."

எங்கள் லோரிகள் எல்லாம் பாசார் என்கிற மார்க்கெட் பக்கத்து ஒற்றைச் சந்து வழியாகப் போய்த்தான் அவரவர் தாமானுக்குப் பிரியும். அதனால்தான் ஒவ்வொன்றாக விடுவது. கடைக்கு வரும் கார்கள் இரண்டு பக்கமும் அடைப்பதற்குள் எல்லாம் போய்விட வேண்டும். இதை மோகன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் பார்த்தது நாள்காட்டியை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்! அதோடு அன்றைக்குப் புது லோரி ஒன்றுக்கு முதல் ஓட்டம். எங்கள் தோட்டத்தில் புதுக்காடு வெட்டத் தொடங்கும் நாளில் வேலையை மேய்க்கும் மண்டோர்கூட நேரம் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் முதல் மரத்தில் கத்தி வைக்கச் சொல்வார். வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் ஓர் அதிகாரம் வந்திருக்கிறது. அதை ராகு காலத்திலா தொடங்குவது?

கேட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டிரைவர் செல்வம் வந்து நின்றான். "என்னாக்கா, விடலியா?"

"ராகு காலம்பா. ஒன்பதுக்குப் போலாம்."

"குப்பைக்கு ஏதுக்கா ராகு காலம்?"

"குப்பைக்கு இல்லப்பா, எனக்கு."

மலாய்க்கார டிரைவர் பாக் மாட், "ராகு யாரு, புது போஸா?" என்று கேட்டார். "ஆமா, தவுக்கேக்கும் மேல" என்றான் செல்வம். எல்லோருக்கும் டீ கலக்கிக் கொடுத்தேன். நல்ல டீ. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒன்பது அடித்ததும் புது லோரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கேட்டைத் திறந்தேன். அடைபட்டுக் கிடந்த மாடுகள் மாதிரி எல்லா லோரியும் ஒன்றாகக் கிளம்பின. அந்த அழகைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. (ஒவ்வொன்றாக விடச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி லோரியின் பின்புறம் முனை திரும்பிவிட்டது.)

செல்வம் போன் செய்தான்.

"அக்கா, நாங்க எல்லாரும் சந்துல ஒண்ணா சேந்துட்டோம்."

"ஒத்துமையா போறீங்க, நல்லது தம்பி."

"போவலக்கா. நிக்கிறோம்!"

முன்னால் மீன் வேன், பின்னால் பாக் மாட், பக்கத்தில் கார்கள். வெயில் ஏற ஏற, காலி லோரியிலும் பழைய குப்பை வாசனை. பாசார் ஜனம் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட காருக்குள் வெள்ளைச் சட்டை போட்டுப் பேங்குக்குப் புறப்பட்ட எங்கள் தவுக்கே.

அவர் நடந்தே ஆபிசுக்கு வந்தார். வாசனையும் கூடவே வந்தது. நான் மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். நாற்காலி போயிற்று, இருந்த வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் ஒன்பது மணி?" என்று மலாயில் கேட்டார். நாள்காட்டியைக் காட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் ராகுவைப் பற்றிச் சொன்னேன். அவர் கிட்டப் போய் அந்தத் தாளைப் பார்த்தார்.

"இந்த ஆபிஸ் கதவு எந்தப் பக்கம் பார்க்கணும்னு நானும் எங்க சீன வாஸ்து ஆள வெச்சுத்தான் பார்த்தேன்" என்றார். "நேரம் பாரு, தப்பில்ல. ஆனா உன் ராகு வர்றப்போ இங்க ஒரு லோரியும் இருக்கக் கூடாது. அதுக்கு முன்னாலயே ஒவ்வொண்ணா அனுப்பிடு. நாளைக்கும் அதே நாற்காலியிலயே உட்காரு."

அழுதுவிட்டேன். சந்து ஒருவழியாகக் கலைந்ததும் டிரைவர்மார் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஓடி, பொழுது சாய்வதற்குள் எல்லாத் தாமானையும் முடித்துவிட்டார்கள். ஒருவர் வாயிலிருந்தும் கடுஞ்சொல் வரவில்லை. பாக் மாட் திரும்பி வந்து, "இன்னொரு டீ இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இப்போதும் சாமி கும்பிடும்போது அவர்கள் பெயரை எல்லாம் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தேன். முட்டி பிழைத்தது, வீட்டில் அடுப்பும் எரிந்தது.

சந்துப் போட்டோ வாட்சாப்பில் சுற்றி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதிலிருந்து கல்யாண வீட்டில் பந்திக் கதவில் கூட்டம் முட்டினால் போதும், என் மருமகள் உரக்கக் கேட்பாள்: "அத்தே, இவங்களையும் நீங்கதான் அனுப்பிச்சீங்களா?"

அன்றைக்குச் சந்தில் மாட்டியது ஐந்து லோரி என்று எனக்கு ஞாபகம். செல்வம் இப்போது ரெம்பாவில் இருக்கிறான். யாராவது அவனிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் ஒரு லோரியைக் கூட்டிவிடுகிறான்.